வேலைக்குப் போகும் சைக்கிள்: அறிகுறியைக் கொண்டு கோளாறைப் பிடித்தல்

சைக்கிள் பழுது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திண்ணையில் செய்தித்தாளை விரித்து, கருவிகளைப் பரப்பி, சாவகாசமாகக் கழற்றி மாட்டலாம். வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்குக் கோளாறு வருவதோ திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, பாலத்தின் ஏற்றத்தில். அவருக்கு எது கெட்டது என்பதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: இப்படியே ஓட்டிப் போகலாமா, இங்கேயே சரிசெய்ய முடியுமா, பூட்டிவிட்டு பஸ் ஏற வேண்டுமா? இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது. ஊர்ப்பெயர் வருமிடமெல்லாம் பெரும்பாலும் தென்சென்னைதான்: தாம்பரம், மேடவாக்கம், பள்ளிக்கரணை, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர். சாலை மாறலாம், சைக்கிள் படுத்தும் பாடு எங்கும் ஒன்றுதான்.

பையில் இவை இருக்கட்டும்: கைப்பம்பு, இரண்டு டயர் லீவர், உப்புத்தாளும் சொல்யூஷனும் ஒட்டும் கொண்ட சிறு பெட்டி, அச்சு நட்டுக்குப் பொருந்தும் 15 மி.மீ. ஸ்பேனர், அலன் கீ, ஒரு பழந்துணி, ஒரு சாண் நீளப் பழைய டயர்த் துண்டு. சொல்யூஷனைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருந்தால் உள்ளே காய்ந்து போயிருக்கும். தேவைப்படும் நாள்வரை அது வெளியே தெரியாது. ஆகவே இன்றே அமுக்கிப் பாருங்கள்.

சைக்கிள் கனமாக ஓடுகிறது

அடிக்கடி கேட்கும் புகார் இது. பலர் நேராகச் செயினுக்கு எண்ணெய் விடுகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசை வேறு: டயரில் காற்று, பிரேக் உரசல், எதிர்க்காற்று, அதற்குப் பிறகே செயினும் அச்சும்.

டயரைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலிருந்து அழுத்திப் பயனில்லை. அங்கே ரப்பர் தடிமனாக இருப்பதால் காற்று இல்லாத டயரும் கெட்டியாகத் தெரியும். எவ்வளவு காற்று தேவை என்பது டயரின் பக்கச் சுவரிலேயே பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சாகியிருக்கிறது. பழைய பெரிய சைக்கிள்களில் ரப்பர் குழாய் போட்ட வால்வு இருக்கும். பெட்ரோல் பங்கின் முனை அதற்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிள் வகை வால்வுக்குப் பொருந்தும். ஆனால் சைக்கிள் டியூப் கொள்ளும் காற்று மிகக் குறைவு, அங்கிருக்கும் கம்ப்ரஸருக்கு அது ஒரு நொடி வேலை. விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெடிச்சத்தம் கேட்டுப் பங்கே திரும்பிப் பார்க்கும்.

காற்று சரியாக இருந்தால் சைக்கிளைத் தூக்கி ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றுங்கள். சில சுற்றுகளாவது தானாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் பிரேக் கட்டை ரிம்மைத் தொடுகிறது, அல்லது மட்கார்டு கம்பி வளைந்து டயரில் உரசுகிறது. நெரிசலான நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டிக்காரர் உங்கள் சைக்கிளை இழுத்து நகர்த்திய மறுநாள் இது சகஜம். மட்கார்டைக் கையாலேயே நிமிர்த்திவிடலாம்.

இரண்டும் இல்லையென்றால், காரணம் சைக்கிளில் இல்லாமலேயே இருக்கலாம். சென்னையில் கோடைக் காலையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும்; நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். தாம்பரத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவரைக் காலையிலும் மாலையிலும் காற்று முதுகில் தள்ளிவிடும். கடற்கரையோரம் குடியிருந்து மேற்கே கிண்டிக்கோ அம்பத்தூருக்கோ போகிறவருக்கு இரு வேளையும் எதிர்க்காற்று. இதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை. கியர் இருந்தால் ஒரு படி இறக்குங்கள், இல்லையென்றால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். சதுப்பு நிலத்தின் குறுக்கே போகும் பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையில் காற்றை மறைக்க ஒன்றுமே கிடையாது என்பதை அதில் ஓட்டியவர் கால்கள் அறியும்.

காலையில் பார்த்தால் டயர் தட்டை

முதல் நாள் மாலை நன்றாக ஓடிய டயர் காலையில் தரையோடு கிடந்தால் இரண்டில் ஒன்று: வால்வு கசிகிறது, அல்லது நுண்ணிய ஓட்டை. காற்றடித்துவிட்டு வால்வு முனையில் கொஞ்சம் எச்சிலோ சோப்பு நீரோ தடவுங்கள். குமிழி வந்தால் வால்வுதான். பழைய வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் வெயிலில் இற்றுப்போயிருக்கும். அது மிக மலிவு. இரண்டு மூன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம்.

குமிழி இல்லையென்றால் பஞ்சர். காற்று இறங்க ஓர் இரவு பிடித்தது என்றால், அடித்த காற்று பெரும்பாலும் அலுவலகம் வரை தாங்கும். ஓட்டிப் போய்விட்டு மதிய இடைவேளையில் பாருங்கள். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறது என்றால் இங்கேயே ஒட்டியாக வேண்டும்.

ஒட்டுவதா, டியூபை மாற்றுவதா? இதற்குச் சைக்கிளைப் பொறுத்தே பதில். கையால் நெம்பிச் சக்கரத்தைக் கழற்றும் வசதியுள்ள சைக்கிளுக்குப் புது டியூப் போடுவதுதான் வேகம்; ஓட்டையை இரவில் வீட்டில் ஒட்டலாம். முழுச் செயின் கவரும் கேரியரும் ஸ்டாண்டும் உள்ள பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைச் சாலையோரத்தில் கழற்ற முயலாதீர்கள். பஞ்சர் கடைக்காரர் அதைக் கழற்றவே மாட்டார், கவனித்திருப்பீர்கள். சைக்கிளைப் படுக்க வைத்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை உருவி, தண்ணீரில் அமுக்கி, ஒட்டி, உள்ளே திணித்துவிடுவார். அந்த வழிதான் சரி. டயர் முழுவதும் வெளியே வர வேண்டியதில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

தரையைத் தொடும் பக்கத்தில் ஒற்றை ஓட்டை என்றால் முள்ளோ ஆணியோ கம்பியோ. ஏரிக்கரையோரமும் காலி மனைகளின் ஓரமும் சீமைக்கருவேல முள். பெரிய சாலைகளில் அதைவிடக் கொடியது லாரி டயர் கிழிந்து உதிர்ந்த மெல்லிய இரும்பு இழை. கண்ணுக்குப் படாது, டயருக்குள் பாதி புதைந்து கிடக்கும். டியூபை மட்டும் ஒட்டி அதை எடுக்காமல் விட்டால் அடுத்த சிக்னலுக்குள் மறுபடி தட்டை. டயரின் உட்புறத்தில் பழந்துணியை மெல்ல ஓட்டுங்கள், இழை துணியில் மாட்டும். வெறும் விரலை ஓட்டினால் அது விரலில் மாட்டும். டயரைப் போடும்போது அதில் உள்ள எழுத்துகள் வால்வுக்கு நேராக வருமாறு எப்போதும் போட்டு வைத்தால், டியூபில் ஓட்டை இருக்கும் தொலைவைக் கொண்டு டயரில் முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அருகருகே இரண்டு ஓட்டைகள், சிறு கீறல்களாக இருந்தால் முள் தேட வேண்டாம். காற்று குறைந்த டயர் பள்ளத்திலோ வேகத்தடையிலோ மோதி, அந்தத் தடைக்கும் ரிம்மின் இரு விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கியிருக்கிறது. மருந்து: காற்றைச் சரியாக அடிப்பது.

ரிம் பக்கத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி, ஸ்போக்ஸ் கம்பியின் முனை டியூபைக் குத்துகிறது. அதே இடத்தில் எத்தனை முறை ஒட்டினாலும் பயனில்லை. முனையை அரத்தால் தேய்த்துவிட்டு டேப்பை மாற்றுங்கள். அவசரத்துக்குப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிச் சுற்றினாலும் ஆகும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது, டியூபை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒட்டும்போது பலரும் கெடுப்பது ஓர் இடத்தில்தான். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவியதும் ஈரத்தோடு ஒட்டை அப்பிவிடுகிறார்கள். பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு வைத்து நன்றாக அழுத்துங்கள். மழைநாளில் டியூபைச் சொட்டு ஈரமில்லாமல் துடைக்காவிட்டால் என்ன செய்தாலும் ஒட்டாது.

டயரின் பக்கச் சுவர் கிழிந்து டியூப் வெளியே புடைத்துக்கொண்டிருந்தால் உடனே இறங்குங்கள். காற்றை முழுவதும் இறக்கி, பையில் உள்ள பழைய டயர்த் துண்டைக் கிழிசலுக்கு உட்புறம் வைத்து, மிதமாகக் காற்றடித்து, மெதுவாக ஓட்டிக் கடைக்குப் போங்கள். துண்டு இல்லையென்றால் பலமுறை மடித்த தடித்த தாள் கூடச் சிறிது தூரத்துக்குக் கைகொடுக்கும்.

செயின் கழல்கிறது, அல்லது அழுத்தி மிதித்தால் தாவுகிறது

இரண்டும் வேறு வேறு நோய்கள். கியர் இல்லாத சைக்கிளில் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் செயின் கழன்றால் அது தளர்ந்திருக்கிறது. கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கினால் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் ஏற வேண்டும். அதற்கு மேல் ஆடினால் பின் அச்சின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முறுக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இழுக்காவிட்டால் சக்கரம் சாய்ந்து ஃபிரேமில் உரசும். கியர் சைக்கிளில் கடைசிப் பல்சக்கரத்தைத் தாண்டிச் செயின் ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் கியர் மாற்றி தொங்கும் இரும்பு வளைந்திருக்கிறது என்று பொருள். வலப்பக்கமாகச் சைக்கிள் விழுந்ததன் பலன். அது கடை வேலை. அதுவரை பெரிய பல்சக்கரத்துக்குப் போகாமல் நடுக் கியரில் ஓட்டுங்கள்.

கழன்ற செயினைச் சட்டையில் கறை படாமல் மாட்ட ஒரு வழி உண்டு. முதலில் பின் பல்சக்கரத்தில் முழுவதுமாக உட்கார வையுங்கள். பிறகு ஒரு குச்சியால் முன் பல்சக்கரத்தின் அடிப்பகுதியில் நாலைந்து பற்களில் மாட்டி, பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றுங்கள், தானே ஏறிக்கொள்ளும். கையில் மசி பட்டால் அலுவலகக் குழாயில் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பரவத்தான் செய்யும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியில் துடைத்துவிட்டுச் சோப்பு போடுங்கள்.

செயின் கழலாமல், ஏற்றத்தில் அழுத்தும்போது மட்டும் ‘டடக்’ என்று ஒரு பல் தாவுகிறது என்றால் தேய்மானம். பள்ளிக்கூட அடிக்கோல் போதும் இதைக் கண்டுபிடிக்க. ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வைத்து 24 பின்கள் எண்ணுங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடிவிட்டால் பின் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் தாவல் முன்பைவிட அதிகமாகும், பழைய பற்களில் புதுச் செயின் உட்காராது. கடைக்காரர் இரண்டையும் மாற்றச் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

தாவுகிற சைக்கிளில் நின்று மிதிக்காதீர்கள். கால் வழுக்கி முன்கம்பியில் விழுந்தால் விடுப்பு எடுக்க நேரிடும்.

‘டக், டக்’ என்று சத்தம்

சைக்கிள் சத்தத்தைக் காதை நம்பித் தேடக் கூடாது. ஃபிரேம் உள்ளீடற்ற குழாய். ஹேண்டிலில் பிறக்கும் சத்தம் பெடலில் கேட்கும், சீட்டில் பிறப்பது கீழே அச்சில் கேட்கும். கேட்கும் இடத்தைவிட, எத்தனை முறை கேட்கிறது என்பதே துப்பு.

மிதிப்பதை நிறுத்தி உருட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் சக்கரத்தைச் சேர்ந்தது: ஸ்போக்ஸில் ஒட்டிய பொருள், டயரில் ஏறிய கல், உரசும் மட்கார்டு. நின்றுவிட்டால் மிதிக்கும் பகுதி. பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை சத்தம் என்றால் பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), பி.பி. அச்சு (இரு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு) ஆகிய மூன்றில் ஒன்று. சீட்டிலிருந்து எழுந்து மிதித்தால் சத்தம் போய்விடுகிறதா? அப்படியானால் சீட்டுக் குழாயோ அதன் அடியில் உள்ள சுருளோ. இந்தச் சோதனைகளுக்கு ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரையான தூரம் போதும்.

பழைய சைக்கிளின் கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின் என்ற ஆப்பு. அது தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் ஒரு கணம் வெறுமையில் இறங்குவது தெரியும். நட்டை மட்டும் முறுக்கினால் சரியாகாது, பெரும்பாலும் மரைதான் போகும். மறுபக்கம் முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் பின்னை உள்ளே இறக்கிய பிறகே நட்டு. புதிய வகைச் சைக்கிளில் கிராங்க் போல்ட் தளர்ந்தால் உடனே முறுக்க வேண்டும். தளர்ந்த கிராங்குடன் பல கிலோமீட்டர் ஓட்டினால் உள்ளே இருக்கும் சதுரத் துளை உருண்டையாகி, பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. கோளாறுகளில் ஓட்டிக்கொண்டே போகக் கூடாத வகை இது. வாரக் கடைசிவரை தள்ளிப்போட்டால் கிராங்கையே மாற்றும்படி ஆகும்.

பெடலை முறுக்கும்போது நினைவிருக்கட்டும்: வலப் பெடலுக்கு வழக்கமான மரை, இடப் பெடலுக்குத் தலைகீழ். இடதை இறுக்க எதிர்க் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சத்தம் நிற்கவில்லையென்றால் சாப்பாட்டுப் பையைத் திறந்து பாருங்கள். அடுக்கு டிபன் பாக்ஸில் கரண்டி ஆடுவது கிராங்க் தளர்ச்சி போலவே கேட்கும்.

பிரேக் கத்துகிறது, பிடிக்கவில்லை

கத்துவது எரிச்சல்தான், ஆபத்து குறைவு. ரிம்மில் எண்ணெய்ப்பிசுக்கோ கட்டையில் பதிந்த மணலோ காரணமாக இருக்கும். ரிம்மைச் சோப்பு நீரால் துடைத்து, கட்டையின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கும். செயினுக்குத் தெளிப்பான் எண்ணெய் அடிப்பவர்கள் பின் ரிம்மை மறைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் தட்டில் எண்ணெய்க் கை படவே கூடாது.

பிடிக்காததுதான் விஷயம். லீவர் ஹேண்டிலைத் தொடும்வரை வந்தால், கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகை வெளிப்பக்கமாகத் திருப்பினால் நடுச்சாலையிலேயே சரியாகும். திருப்பியும் பயனில்லையென்றால் கட்டை தேய்ந்து முடிந்திருக்கிறது. லீவருக்கு அருகில் கேபிளின் இழைகள் ஒன்றிரண்டு பிரிந்து முள்ளாக நிற்கிறதா? அதற்கு நாளை கிடையாது. அன்றே மாற்ற வேண்டும். கேபிள் அறுவது அழுத்திப் பிடிக்கும்போதுதான், அழுத்திப் பிடிப்பது எதிரே பஸ் நிற்கும்போதுதான்.

முலாம் பூசிய இரும்பு ரிம் உள்ள சைக்கிள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழையில் அந்த ரிம் நனைந்தால் பிரேக் ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக் என்றால் இன்னும் மோசம். பழுது எதுவும் இல்லை, அந்த உலோகத்தின் இயல்பு அப்படி. அலுமினிய ரிம் இதில் எவ்வளவோ மேல். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். முன்னால் போகும் ஆட்டோ சொல்லாமல் நிற்கும் என்ற அனுமானத்திலேயே மழைநாளில் ஓட்டுங்கள், பெரும்பாலும் அந்த அனுமானம் பலிக்கும்.

சக்கரம் ஆடுகிறது

ஒரு ஸ்போக்ஸ் கம்பி உடைந்திருக்கும். பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கத்தில். உடைந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு, ரிம் பிரேக்கில் உரசினால் அதைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு மெதுவாகப் போகலாம். பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பிகள், ஒன்று போனால் தாங்கும். கம்பி குறைவான நவீனச் சக்கரம் சீக்கிரம் கோணிக்கொள்ளும். அன்று டபுள்ஸ் வேண்டாம், கேரியரில் அரிசி மூட்டையும் வேண்டாம். கோட்டம் எடுப்பது பழகிய கைக்கு வேலை. கம்பி முனையின் நட்டை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாத பொறுமை உங்களுக்கு உண்டென்றால் முயலுங்கள்.

வெள்ளத்தில் போய் வந்த மறுநாள் ‘கரகர’

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. சக்கரத்தின் அச்சு மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீரில் போனால், உள்ளே இருக்கும் கிரீஸோடு சேறு கலக்கும். மறுநாள் காலை செயின் செம்பழுப்பாக இருக்கும், பெடல் சுற்றினால் மணல் அரைபடும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது அன்றே செய்ய வேண்டியது. ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு. கால் மணி நேரம் கழித்து வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெளியே வழியும் எண்ணெய் தூசியைச் சேர்த்து அரைக்கும், வேறு உபயோகமில்லை. துரு நீக்கும் தெளிப்பான் தண்ணீரை விரட்டும், ஆனால் எண்ணெயின் வேலையைச் செய்யாது. தையல் மிஷின் எண்ணெய் மிக மெல்லியது, அடுத்த மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும்.

சீட்டுக் குழாய்க்குள்ளும் தண்ணீர் நிற்கும். சீட்டைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கொட்டுவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். இரண்டு பெடல்களையும் கையால் சுழற்றி, அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மணல் உணர்வு இருந்தால் அந்த வாரத்துக்குள் ஓவர்ஹால் செய்துவிட வேண்டும். பின் அச்சில் வழக்கமாகப் பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம்; கழற்றிய பழைய குண்டுகளில் குழி விழுந்திருந்தால் மொத்தமாகப் புதியது போடச் சொல்லுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்ததே, அப்படி முழுதும் மூழ்கிய சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. எல்லா அச்சுகளையும் பிரிக்க வேண்டும்.

தரை தெரியாத தண்ணீரில் ஓட்டுவது பற்றி: ஓட்டாதீர்கள். மூடியில்லாத மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்பது வறண்ட நாளிலேயே நமக்குத் தெரிவதில்லை. இறங்கித் தள்ளுங்கள். அல்லது அன்று தாமதமாகும் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

சைக்கிள் சரி, உடம்பு வலிக்கிறது

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் தொடக்க அளவு. நம் ஊரில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், சிக்னலில் இரண்டு காலையும் ஊன்ற வசதி என்பதற்காக. அந்த வசதிக்கு முழங்கால் விலை கொடுக்கிறது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்று பழகினால் உயரமான சீட்டு தொல்லை தராது.

விரல்கள் மரத்துப்போனால் ஹேண்டிலில் உடம்பின் எடை முழுவதும் விழுகிறது: சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், மட்டமாக்குங்கள். முதுகு எரிச்சலாக வியர்த்தால் பையைக் கேரியருக்கு மாற்றுங்கள். வியர்வை ஓட்டும்போதைவிட நிறுத்திய பிறகுதான் பெருகும், காற்று நின்றுவிடுவதால். வந்ததும் சட்டை மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். பத்து நிமிடம் நிழலில் நின்று, துடைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் அது கால் மணி நேரம்.

சாலையில் நேர்பவை

*நாய் துரத்துகிறது.* வேகம் கூட்டினால் அதற்கு உற்சாகம். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். பெரும்பாலானவை சுவாரசியம் இழந்து திரும்பிவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ, சிறியதானாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். வேலை முடிந்து போகலாம் என்று வைக்காதீர்கள்.

*நிற்கும் காரின் கதவு திறக்கிறது.* வரிசையாகக் கார் நிற்கும் தெருவில் ஒரு கதவு அகலம் விலகி ஓட்டுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) மெட்ரோ பணித் தடுப்புகளால் சாலை ஒடுங்கும் இடங்களில், ஓரத்தில் ஒண்டிப் போவதைவிட ஒடுக்கம் தொடங்கும் முன்பே கைகாட்டி நடுவுக்கு வந்துவிடுவது நல்லது.

*பேன்ட் செயினில் மாட்டிக்கொண்டது.* இழுக்காதீர்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். வலக் கணுக்காலில் ஒரு ரப்பர் பட்டை போட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் பின்சக்கரத்தில் போனால் நிலைமை வேறு, கழுத்தையே இழுக்கும்: இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், சேலை கார்டு இல்லாத சைக்கிளில் பின்னால் யாரையும் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

*தண்டவாளத்தில் வழுக்கியது.* ரயில்வே கேட்டைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்ந்து கடந்தால் டயர் தண்டவாள இடுக்கில் இறங்கும். மழையில் சாலையின் வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் அதே அளவு வழுக்கும்.

விளக்கு மங்கலாக எரிகிறது

டைனமோ என்றால் அதன் உருளை டயரில் சரியாகப் பதிகிறதா என்று பாருங்கள், மழையில் வழுக்கும். நின்றால் அணையும் என்பதால் பின்னால் ஒரு சிறு பேட்டரி விளக்கும் கட்டாயம். முன்விளக்கைத் தாழ்த்திச் சாலையில் விழ வையுங்கள், எதிரே வருபவரின் கண்ணில் விழ வேண்டாம்.

நிறுத்திய இடத்தில் சைக்கிள் இல்லை

பதற்றப்படுவதற்கு முன் காவலாளியைக் கேளுங்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் முதலில் நகர்த்தப்படுவது சைக்கிள்தான். ஜெனரேட்டர் அறையின் பின்புறமோ தண்ணீர்த் தொட்டியின் மறைவிலோ சாய்ந்து கிடக்கும். “அண்ணே, இங்கே இருந்த சைக்கிள்?” என்று கேட்டால், “ஓரமாக வைத்திருக்கிறேன் சார்” என்ற பதில் வரும் வாய்ப்பே அதிகம்.

உண்மையிலேயே போயிருந்தால் தேவைப்படுவது ஃபிரேம் எண். பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் அது பொறிக்கப்பட்டிருக்கும். இப்போதே சைக்கிளைக் கவிழ்த்து, மண்ணைத் துடைத்து, அந்த எண்ணையும் முழுச் சைக்கிளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய ரசீதையும். இவை இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போனால் ‘கறுப்பு நிறம், ஒரு கேரியர், ஒரு பெல்’ என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது, அந்த அடையாளத்தில் ஊரில் ஆயிரம் சைக்கிள் உண்டு. புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டியிருந்தால் தூக்கிக்கொண்டு போவது எளிது. அடுத்த சைக்கிளுக்கு வாங்கும் சங்கிலி, ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத ஒரு கம்பத்தோடு பிணைக்கும் நீளமுள்ளதாக இருக்கட்டும்.